பூஜை முடிந்ததும் எடுக்க வேண்டியது

செப்டம்பர் 8, திங்கள்

பி.பி. நூற்றைம்பதுக்கு நூறு. முப்பத்து நாலு வயதுக்கு இது ஜாஸ்தி என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கவும், நடக்கவும், கோபம் வந்தால் கத்தாமல் எழுதித் தீர்க்கவும் சொன்னார். எழுதுவதற்கு வீட்டில் கிடைத்தது, பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் என் வீட்டுக்காரருக்குப் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி. ஆகஸ்ட் வரை வெள்ளையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பழமொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: பொறுத்தார் பூமி ஆள்வார். பூமியெல்லாம் எனக்கு வேண்டாம். சீக்கிரம் முடிகிற ஒரு பில்ட் போதும்.

கோபத்துக்குக் காரணத்தை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். நாற்பத்தேழு நிமிடம்.

எங்கள் கம்பெனி சரவணம்பட்டியில், நாலாவது மாடி. ரத்த வங்கிகளின் குளிர்ப்பெட்டிகளில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி செய்கிறோம். உள்ளே சூடு ஏறினால் அது ஊரைக் கூட்டும். அதன் மென்பொருளில் ஒரு வரி மாற்றினாலும் முதலில் ஒரு பொய்க் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை. அதற்குக் கரண்டைப் பிடுங்குவோம், நெட்டை அறுப்போம், பொய்க் காய்ச்சல் காட்டுவோம். அந்தப் பொய்க் கணினிக்கு ஒரு முழு ஹார்டு டிஸ்க் வேண்டும். அந்த டிஸ்க்கை ஒரே கோப்பாகச் செய்து கொடுப்பதற்குப் பெயர் இமேஜ். அப்படிச் செய்து முடிப்பதற்குப் பெயர் பில்ட். அதுதான் என் வேலை. ஒன்று செய்ய நாற்பத்தேழு நிமிடம். ஒரு காற்புள்ளி மாற்றினாலும் நாற்பத்தேழு நிமிடம். அதாவது இரண்டு டீ, ஒரு வடை, ஒரு மாமியார் கதை.

இன்று நாற்பத்தாறாவது நிமிடத்தில் இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டு நின்றது. கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். பக்கத்து நாற்காலி நஸ்ரின், டெஸ்டிங் பார்ப்பவள், என் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"யக்கா, கீபோர்டு கம்பெனிது. அடிக்கோணும்னா லெனின அடிங்க."

லெனின் இந்தக் கண்றாவியை முதலில் கட்டியவன். கட்டிவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். அங்கே பனியில் நின்று போட்டோ போடுகிறான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மேனேஜர் ஹரிபிரசாத் கூப்பிட்டார். "கோகிலா, பில்ட் டைமைப் பாதியாக் குறைக்கணும். பூஜைக்குள்ள." திண்டுக்கல் விவகாரத்துக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் சோதனைகளை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்களாம். மூன்று வருடமாக நான் கத்தியபோது கேட்காத காது, வாடிக்கையாளர் முணுமுணுத்தால் கேட்கிறது.

பூஜை என்றால் ஆயுத பூஜை. எங்கள் முதலாளி லேத் பட்டறையிலிருந்து மேலே வந்தவர். சோதனை முடிவுகளைக் காட்டுகிற பெரிய திரைக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பொட்டு வைக்கிற நேரத்தில் திரையில் அத்தனை கட்டமும் பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பின் மேல் பொட்டு வைத்தால் வருடம் பூராவும் சிவப்பு என்று அவருடைய நம்பிக்கை. ஆகவே பூஜைக்கு முந்தின வாரம் எங்களுக்கெல்லாம் பச்சைக் காய்ச்சல்.

திண்டுக்கல் விவகாரம் இதுதான். ஆகஸ்ட் 22 அன்று அங்கே ஒரு தனியார் ரத்த வங்கியில் கரண்டு போய் வந்தது. குளிர்ப்பெட்டி திரும்ப எழவில்லை. எங்கள் கருவி கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அறுபத்து மூன்று பை ரத்தத்தைக் கொட்டினார்கள். கருவியை மாட்டிய டெக்னீஷியன் சகாயராஜை 25ஆம் தேதியிலிருந்து வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மென்பொருளில் குற்றமில்லை என்ற அறிக்கையை எழுதியது நான். கரண்டு போய் வரும் சோதனையை முந்நூறு தடவை ஓட்டினேன், முந்நூறும் பாஸ்.

அந்த மனிதர் இன்று எனக்கே போன் செய்தார். நம்பரை எவன் கொடுத்தானோ.

"மேடம், பொட்டிய மாட்டிட்டு ப்ளக்கப் புடுங்கிப் பாத்தேன் மேடம். கத்துச்சு. நர்சம்மா கூட பக்கத்துலதான் நின்னாங்க."

"செக்லிஸ்ட்ல டிக் இருக்குதுங்க. டிக் யாரு வேணா போடலாம்."

"பதினோரு வருசமா போடுறேன் மேடம். பொய் டிக் போட்டதில்ல."

"எங்க டெஸ்ட்டுல முந்நூறுக்கு முந்நூறு பாஸ். பின்ன யாரு பொய் சொல்றாங்க, மெஷினா?"

"சரி மேடம், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். நான் கத்தவில்லை. டாக்டர் சந்தோஷப்படுவார்.

செப்டம்பர் 11, வியாழன்

இமேஜைப் பிரித்து மேய்ந்தேன். ரத்த வங்கிக் கருவியின் இமேஜுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது! ஆறு கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்கள். கொரிய எழுத்துருக்கள். ஒரு சதுரங்க விளையாட்டு. இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் நெட்டிலிருந்து இறக்கி, நிறுவி, கடைசியில் அழுத்திச் சுருக்கி, அடுத்த அறை சர்வருக்கு அனுப்பி, அங்கே திரும்ப விரிக்கிறான். அடுத்த அறைக்குப் போகிற சாமானை எவனாவது மூட்டை கட்டி அவிழ்ப்பானா?

லெனினை வாய்விட்டுத் திட்டினேன். வேண்டாததையெல்லாம் வெட்டினேன். மூட்டை கட்டுவதை நிறுத்தினேன். இருபத்தாறு நிமிடம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆறு நாளைக்கப்புறம் குழாயில் தண்ணீர் வந்தது. பில்ட் இருபத்திரண்டு நிமிடம். குடம் நிரம்பவும் அதே நேரம்தான் ஆகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

நேரமெல்லாம் எங்கே போகிறது என்று பிடித்துவிட்டேன். எங்கள் பில்ட் எதையும் முதலிலிருந்து செய்வதில்லை. மூல இமேஜ் என்று பதினெட்டு ஜி.பி.யில் ஒரு பூதம் இருக்கிறது. அதை நகலெடுத்து, அதன் மேல்தான் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் கிடையாது. லெனின் கையால் செய்தது. அப்புறம் வந்து போனவர்கள் எல்லாரும் அதற்குள் கையை விட்டிருக்கிறார்கள். திறந்து ஒன்றைத் திருகி மூடிவிடுவது. எழுதி வைப்பதில்லை.

பூதத்தைத் தூக்கிக் கடாசப் போகிறேன். நிஜக் கருவிக்கு என்னென்ன ஏற்றுகிறோமோ அந்தப் பட்டியலை வைத்தே இமேஜைப் புதிதாகச் செய்வது. இன்ஸ்டால் பண்ணுவது போலப் பொய்க் கணினியைக் கிளப்பிக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் அடுக்கி, அந்த ஃபோல்டரையே நேராக டிஸ்க்காக மாற்றினால் போதும்.

இதற்காக நான் எழுதிய குட்டி நிரலை, ஸ்கிரிப்டை, பார்த்த ஹரி பெருமூச்சு விட்டார். "கமெண்ட்ஸை இங்கிலீஷ்ல எழுதுங்கன்னு எத்தனை தடவை சொல்றது, கோகிலா?" நான் கோப்பில் குறிப்பு எழுதினால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத்தான் எழுதுவேன். இந்தக் கட்டடத்தில் அப்படி எழுதுகிறவள் நான் ஒருத்திதான். ஹரிக்குப் புரியாவிட்டால் அது ஹரியின் பாடு.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்று நிமிடம் நாற்பது வினாடி!

டீக்குக் கிளம்பிய நஸ்ரின் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "யக்கா, இனி நாங்க எப்ப டீ குடிக்கிறது?" ஆபீசே என் மேஜையைச் சுற்றி நின்றது. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, டைரியில் பொய் எழுத வேண்டியதில்லை.

மாலை ஒரு கட்டம் சிவப்பு. கரண்டு போய் வரும் சோதனை. திரும்ப ஓட்டினேன், பச்சை. திரும்ப, பச்சை. அப்புறம் பச்சை. அப்புறம் சிவப்பு.

"வேகமாத்தான் ஓடுது, ஆனா நொண்டுதுக்கா" என்றாள் நஸ்ரின். அவளுடைய வாயை ஸ்டேப்ளரால் அடிக்க வேண்டும். அதையும் அவளே பூட்டி வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 17, புதன்

நூறு தடவை ஓட்டினேன். முன்பெல்லாம் நூறு தடவை என்றால் ராத்திரி பகலாக மூன்று நாலு நாள். நேற்று ராத்திரி போட்டது இன்று சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. நூற்றில் பத்தொன்பது சிவப்பு. பழைய இமேஜில் அறிக்கைக்காக ஓட்டியது முந்நூறும் பச்சை.

கரண்டு திரும்பியதும் அலாரம் அவசரப்பட்டு, டிஸ்க் தயாராகும் முன்பே எழுந்து, தன் கோப்பைத் தேடிக் காணாமல் செத்துப்போகிறது. பச்சை விளக்கு வேறு நிரல். அது பாட்டுக்கு எரிகிறது. ஐந்து தடவைக்கு ஒரு தடவை இப்படி. மற்ற நாலு தடவை கத்தும், சகாயராஜ் பிடுங்கிப் பார்த்தபோது கத்தியது போல. அப்படியானால் பழைய இமேஜில் ஏன் சாகவில்லை?

இரண்டு இமேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோப்பு கோப்பாக ஒப்பிட்டேன். நாலு மணிக்குக் கிடைத்தது. பழையதில் பதினோரு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கிறது. பத்து வினாடிக்கு ஒரு தடவை அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். செத்திருந்தால் சத்தமில்லாமல் எழுப்பிவிடும். இது நிஜக் கருவியில் கிடையாது. சோதனை இமேஜில் மட்டும்தான். மூன்று வருடமாக நாங்கள் சோதித்ததெல்லாம் எந்த ஊர் ரத்த வங்கியிலும் இல்லாத ஒரு கருவியை.

முந்நூறுக்கு முந்நூறு!

எவன் வைத்தான் இதை? லெனின்தான். அவனைத் தவிர யார். கோப்பின் தேதி அக்டோபர் 3, மூன்று வருடத்துக்கு முன். முதல் வரியில் ஒரு கமெண்ட் இருக்கிறது. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. புளி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆட்டோக்காரன் காந்திபுரத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்தான், திட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனான், திட்டினேன். லெனினுக்கு நீளமாக ஒரு மெசேஜ் போட்டேன். நீ ஒளித்து வைத்த ஸ்கிரிப்டால் ஒரு மனிதனின் வேலை போய்க்கொண்டிருக்கிறது, பனியில் நின்று சிரி என்று.

மத்தியானம் பதில் வந்தது. என்ன பதில் என்று எழுதுவதற்கு அவசியமில்லை. அவனுக்கு எப்போதும் பழியை அடுத்தவர் தலையில் கட்டத்தான் தெரியும்.

அந்தக் கோப்பை நஸ்ரினும் திறந்து பார்த்திருக்கிறாள். ஸ்டேப்ளரைத் திருப்பி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இன்று சாப்பிடும்போது கொதித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒருவன் பம்ப்புக்குக் கடைந்த புஷ் வளையம் எல்லாம் அளவு பார்க்கிற கேஜில் சரியாக நுழைந்ததாம். வாங்கிப்போன பம்ப் கம்பெனியில் ஒன்றுகூடச் சேரவில்லையாம். எண்ணூறு புஷ் திரும்பி வந்துவிட்டது.

"என்ன பண்ணியிருக்கறான்னு நெனைக்கிற? சாமான் தப்பா வந்திருக்குது. சாமான அரம் போட்டு ராவறத உட்டுப்போட்டு கேஜ ராவி வெச்சிருக்கறான், கோகிலா! அளவு பாக்கறதயே ராவிட்டான்னா அப்பறம் எத நம்பறது?"

"ஏன் மாமா அப்படிப் பண்ணுனானாம்?"

"அன்னிக்கு டெலிவரி. 'நாளைக்கு வேற கேஜ் மாத்திக்கலாம்னு இருந்தனுங்க'ங்கறான். வந்துச்சு பாரு ஆத்தரம்!"

ரசத்துக்கு உப்பு போடவில்லை போலிருக்கிறது. அவர் கவனிக்கவில்லை. நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சகாயராஜ் மறுபடியும். விசாரணையை அக்டோபர் மூன்றாம் தேதிக்கு வைத்திருக்கிறார்களாம். என் அறிக்கையின் நகலைக் கொடுத்திருக்கிறார்கள்.

"இங்கிலீசுல இருக்கு மேடம். எம் பொண்ணு வாசிச்சுச் சொன்னா. 'இன்ஸ்டாலர் எரர்'னா ஒங்க தப்புன்னு அர்த்தம்ப்பான்னா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மேடம். நீங்க சோதிச்சதும் நான் மாட்டுனதும் ஒரே பொட்டிதானே?"

பதினோரு வருடமாக ஏணி ஏறி இறங்குகிற மனிதர் ஒரே கேள்வியில் போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டார். நாங்கள் ஐந்து பேர் ஏ.சி.யில் உட்கார்ந்து மூன்று வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். மீட்டிங் எதுவும் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கமெண்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன்.

"பூஜை முடிஞ்சதும் எடுக்கணும். கோ.வா."

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கோ.வா. என்றால் கோகிலவாணி. லெனின் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: "முதல் வரியைப் படி. உன் தமிழ்."

மூன்று வருடத்துக்கு முன் அக்டோபர் 3, ஆபீசில் பூஜை. மணி நாலு. திரையில் ஒரே ஒரு கட்டம் பச்சையும் சிவப்புமாக மாறி மாறிக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. முதலாளி லிஃப்ட்டில் வந்துகொண்டிருந்தார். கற்பூரத் தட்டு தயார். பொய்க் கணினி மந்தமாக இருப்பதால் அப்படி வருகிறது, நிஜக் கருவியில் வராது என்று லெனின் சொன்னான். நானும் நம்பினேன். நம்ப வசதியாக இருந்தது. மூல இமேஜைத் திறந்தேன், பதினோரு வரி எழுதினேன், மூடினேன். பச்சை. பொட்டு வைத்தார்கள். பொரியும் சுண்டலும் தின்றேன்.

அப்புறம் மறந்துவிட்டேன் என்று எழுதினேன். இப்போது அடித்துவிட்டேன். மறக்கவில்லை. அந்த டிசம்பரில் ஒருநாள் ஞாபகம் வந்தது. அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் நாற்பத்தேழு நிமிடம். சிவப்பு வந்தால் திருத்தி இன்னொரு நாற்பத்தேழு. ஐந்தில் ஒரு தடவை வருகிற கோளாறை உறுதிப்படுத்த ஒரு வாரம் போய்விடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சகாயராஜிடம் கேட்டேனே, யார் பொய் சொல்வது, மெஷினா என்று. இந்தப் பதினைந்து நாளாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் திட்டி எழுதியிருக்கிறேன். ஆட்டோக்காரன் வரைக்கும். எனக்கு என் மேல் வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனாவை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

ஹரியிடம் சொன்னேன். முழுவதும். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, நஸ்ரினுக்கு, லெனினுக்கு."

"நல்லது. அந்த ஸ்கிரிப்டை அடுத்த வெர்ஷன்ல கருவிக்குள்ளயே போட்டுருவோம். செத்தா எழுப்பிக்கும். மேட்டர் ஓவர். யார்கிட்டயும் எதுவும் சொல்லவேண்டாம்."

"சகாயராஜுங்க?"

"விசாரணை ஹெச்.ஆர். வேலை. அதுல நாம ஏன் தலையிடணும்?"

"நாப்பத்திரண்டு ரத்த வங்கில இது தொங்கிட்டிருக்குதுங்க சார். அடுத்த வெர்ஷன் டிசம்பர்ல. மழைக்காலம் வருது. அது வரைக்கும் கரண்டு போகாம இருக்குமுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. பயந்தவனை ஓங்கித் திட்டவும் முடிவதில்லை. "பூஜை நல்லபடியா முடியட்டும், கோகிலா. பழைய இமேஜ்லயே ஓட்டிருங்க. முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

பூஜை முடிந்ததும். என் கமெண்ட்டை அப்படியே வாசித்துக் காட்டுகிறார். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வாசகத்தை எழுதியவள் எதைச் சொல்லித் திட்டுவது?

செப்டம்பர் 26, வெள்ளி

நிஜத் தீர்வு இரண்டு வரிதான். டிஸ்க் தயாராகும் வரை அலாரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதி, புது இமேஜில் ஏற்றினேன். முந்நூறு தடவை ஓட்டினேன். முந்நூறும் பச்சை. இது நிஜப் பச்சை.

ஆனால் நாற்பத்திரண்டு இடத்தில் தொங்குகிற கருவியில் இது இல்லை. ஆகவே பூஜை அன்று திரையில் ஓடப்போவது, இன்றைக்கு ஊரில் தொங்குகிற அதே கருவி, உள்ளது உள்ளபடி. கரண்டு போய் வரும் சோதனை மட்டும் இருபது தடவை ஓடும், ஒன்று தவறினாலும் கட்டம் சிவப்பு. முடிவு பண்ணிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். அப்புறம், "அந்த கேஜ் ராவுன ஆள நேத்து வேலைய உட்டு அனுப்பிச்சுப்போட்டேன்" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்று ஐம்பதுக்கு மெயிலை அனுப்பினேன். விசாரணைக் குழுவுக்கு, சகாயராஜுக்கு, முதலாளிக்கு, திண்டுக்கல் ரத்த வங்கி டாக்டருக்கு, மற்ற நாற்பத்தொரு இடங்களுக்கும். நான் முன்பு கொடுத்த அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன். கருவியை மாட்டியவரிடம் குற்றமில்லை. சோதனையைப் பொய்யாக்கிய ஸ்கிரிப்டை வைத்தது நான். கரண்டு போய் வந்தால், புது மென்பொருள் வரும் வரை, கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டு அலாரத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நஸ்ரின் இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தாள்.

நாலு மணி. மாவிலை, வாழைக்கன்று, பொரி எல்லாம் தயார். சோதனையை ஓட்டிவிட்டேன். இப்போதெல்லாம் காத்திருக்கவே வேண்டியதில்லை. மூன்று நிமிடம் நாற்பது வினாடியில் இமேஜ் தயார், அடுத்த பத்து நிமிடத்தில் திரையில் பச்சை பச்சையாக வந்து நடுவில் ஒரு கட்டம் ரத்தச் சிவப்பில் நின்றது.

ஹரியின் முகத்தில் ஈயாடவில்லை. வருடா வருடம் பொட்டு வைக்கிற ஈஸ்வரியக்கா, எங்கள் தளத்தைக் கூட்டித் துடைப்பவர், குங்குமக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். "என்னுங் கண்ணு, செவப்பா இருக்குதே?"

முதலாளி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "இதென்னம்மா?"

"போன மூணு வருசமா பச்சையாத் தெரிஞ்சது பொய்யுங்க ஐயா. இதுதான் நெசம். திண்டுக்கல்லுல அலாரம் கத்தாததுக்கு இதுதான் காரணம். பச்சையாக் காட்டறதுக்காக நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி உள்ள வெச்சனுங்க. பூஜை முடிஞ்சதும் எடுக்கலாம்னு இருந்தேன். எடுக்கல. அந்தச் சகாயராஜ் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கேஜ ராவிட்டயா?" என்றார்.

"ஆமாங்க."

"ஹரி, உங்குளுக்குத் தெரியுமா இது?"

ஹரி சுண்டலைப் பார்த்தார். முதலாளி கற்பூரத்தைத் தொட்டுக்கூடக் கும்பிடாமல் திரும்பிப் போய்விட்டார். லிஃப்ட் வரும் வரை நிற்காமல் படியில் இறங்கினார். எழுபது வயதில் நாலு மாடி.

தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. ஈஸ்வரியக்காதான் முன்னால் போய் அந்தச் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். "மெசினு என்னுங்க பண்ணுச்சு, பாவம்" என்றார்.

அக்டோபர் 1, புதன்

விடுமுறை. வீட்டில் மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. அப்புறம் மாடிக்குப் போய் சகாயராஜைக் கூப்பிட்டேன். மெயிலைப் பெண் வாசித்துச் சொல்லிவிட்டாளாம்.

"நீங்க கேட்டீங்களே, ரெண்டும் ஒரே பொட்டிதானான்னு. இல்லீங்க. நான் சோதிச்சது வேற. தப்பு என்னுதுங்க. மன்னிச்சுக்குங்க."

மறுமுனையில் ஒரு குக்கர் விசில் அடித்தது. அப்புறம் ஒன்று.

"இது என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆச்சு மேடம்?"

"புது இமேஜ் ரெடியானப்பறம் மறுநாளே தெரிஞ்சுதுங்க. அத செய்யறதுக்கு மூணு நிமிசம் நாப்பது செகண்டு."

"எனக்கு முப்பத்தேழு நாளாச்சு மேடம்" என்றார். "கோயிலுக்குப் போனாக்கூட ரத்தத்தக் கொட்டுனவன்னு பாத்தாங்க. எம் பொண்ணுகிட்ட பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காளுக. நீங்க மன்னிச்சுக்கன்னு சொல்றீங்க. நான் சரிங்கணும். அதானே மேடம்?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இன்னைக்குச் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டார். அந்தக் கோபத்தில் ஒரு பொட்டுத் தப்பு கிடையாது. என்னுடைய கோபம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது.

அக்டோபர் 6, திங்கள்

எனக்கு மெமோ. ஹரிக்கும் மெமோ. சகாயராஜை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். புது மென்பொருளை டிசம்பர் வரை காக்காமல், நாற்பத்திரண்டு இடத்திலும் அவரே போய் ஏற்ற வேண்டும் என்று முதலாளியின் உத்தரவு. பழைய மூல இமேஜை அழித்தேன். பதினெட்டு ஜி.பி. அழிய ஒரு வினாடிகூட ஆகவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பி.பி. நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

சகாயராஜ் ஏழாவது இடத்தை முடித்துவிட்டார். எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு இடத்திலிருந்தும் எனக்கு வீடியோ வருகிறது. செக்லிஸ்டில் ஒரு தடவை ப்ளக்கைப் பிடுங்கினால் போதும் என்று இருக்கிறது. ஐந்தில் ஒரு தடவை ஏமாற்றிய கருவியாயிற்றே, அவர் பத்துத் தடவை பிடுங்குகிறார். இடத்துக்குப் பத்து வீடியோ. முகம் தெரியாது. கை மட்டும் வரும். ப்ளக்கைப் பிடுங்கும், மாட்டும், பச்சை விளக்கைக் காட்டும். அப்புறம் வெப்பம் பார்க்கிற முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கருவி கத்துகிற வரைக்கும் பேசாமல் காத்திருக்கும். கத்தியதும் வீடியோ முடிந்துவிடும். ஒன்று நாலு நிமிடம். கூட ஒரு வார்த்தை எழுதுவதில்லை. நான் போடுகிற பதிலையும் திறப்பதில்லை.

இன்று மத்தியானம் ஏழாவது ஊரின் பத்தும் வரிசையாக வந்து விழுந்தன. நஸ்ரின் டீக்குக் கூப்பிட்டாள். நீ போ என்று சொல்லிவிட்டு, ஒன்றில்கூட நடுவில் தாவாமல் பத்தையும் முழுசாகப் பார்த்தேன்.